ஒரு துப்பாக்கி, மூன்று லாக்: சாலிகிராமத்துப் பட்டறையில் செய்து வாங்கிய அனுபவம்

மேடை நாடகத்துக்கு வெடிக்காத பழைய காலத் துப்பாக்கி வேண்டும், அதன் லாக்கை (விசையை இழுத்ததும் வெடிமருந்தைப் பற்றவைக்கும் பொறியை) காட்சிக்குக் காட்சி மாற்றி, அதையே வேறு காலத்துத் துப்பாக்கியாகக் காட்ட வேண்டும் என்றால் சாலிகிராமத்தில் இருக்கும் இந்தப் பட்டறைக்குத் தைரியமாகப் போகலாம். எரியும் திரியால் மருந்தைப் பற்றவைக்கும் திரித் துப்பாக்கிக்குப் போக வேண்டாம். அடுத்த வாரம் ஷோ என்றாலும் போக வேண்டாம். அவசரக்காரர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு விவரமாக எழுதுகிறேன்.

நான் ஒரு சின்ன நாடகக் குழுவில் ப்ராப்பர்ட்டி (மேடைப் பொருட்கள்) பொறுப்பு. சின்னது என்றால் உண்மையிலேயே சின்னது: லைட் வாடகை கட்டினால் டீ செலவுக்குக் கை கடிக்கும். இந்த வருஷம் எடுத்துக்கொண்டது ஒரே மாலையில் மூன்று குறுநாடகங்கள். முதலாவது 1799 பாஞ்சாலங்குறிச்சி, இரண்டாவது 1806 ஜூலை 10 வேலூர்க் கோட்டை, மூன்றாவது 1857 மார்ச் 29 பாரக்பூர். மூன்றிலும் துப்பாக்கி உண்டு. மூன்றிலும் அதே நான்கு நடிகர்கள்தான் சிப்பாய்.

வழக்கமாக இதற்கெல்லாம் வடபழனிப் பக்கம் வாடகைக்கு எடுப்போம். ஒரு வாடகைக் கடையில் கேட்டபோது எடுத்துக் காட்டியது ஃபைபரில் வார்த்த போல்ட் ஆக்‌ஷன் துப்பாக்கி. நம் ஊர் போலீஸ்காரர்கள் பல காலம் தோளில் மாட்டியிருந்த அதே 303 ஜாடை. "எல்லா சரித்திரப் படத்துக்கும் இதுதான் போகுது" என்றார் கடைப் பையன். 1895க்குப் பிறகு வந்த துப்பாக்கியை வேலூர்ச் சிப்பாய் கையில் கொடுத்தால் சினிமாவில் தூரத்து ஷாட்டில் தப்பிக்கலாம். அலையன்ஸ் பிரான்சேஸ் மாதிரி ஒரு அரங்கில் முன்வரிசைக்காரர் முழங்காலுக்கும் நடிகருக்கும் நடுவில் எட்டடிதான். அதிலும் அந்த ஃபைபர் துப்பாக்கியில் எதுவும் அசையாது. குதிரை (பின்னால் இழுத்து ஏற்றும் சுத்தி) ஏறாது, விசை இழுபடாது, கெட்டிக்கும் கம்பி உருவ வராது. குழல் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கியின் நாடகமே அந்தக் கெட்டிப்பில்தான் இருக்கிறது. தோட்டாக் காகிதத்தைப் பல்லால் கடித்துக் கிழித்து, கொஞ்சம் மருந்தை லாக்கில் இருக்கும் சின்னக் கிண்ணத்தில் போட்டு மூடி, மிச்சத்தைக் குழல் வாயில் கொட்டி, குண்டைத் தள்ளி, கம்பியால் இடித்து, கம்பியைத் திருப்பி மாட்டி, குதிரையை முழுக்க ஏற்றிச் சுட வேண்டும். நன்றாகப் பழகிய சிப்பாய் நிமிஷத்துக்கு மூன்று முறை செய்வான். 1857 சிப்பாய்க் கிளர்ச்சியில் கடித்துக் கிழிக்கும், கொழுப்பு தடவிய அந்தக் காகிதம்தானே பிரச்சினையாகவே ஆனது? அதைக் காட்ட முடியாத துப்பாக்கி எங்களுக்கு எதற்கு?

ஒரு லைட்மேன் அண்ணன் சொல்லித்தான் இந்தப் பட்டறை தெரிந்தது. அருணாச்சலம் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்து. பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் தெர்மாகோல் யானைத் தலை ஒன்று வெயிலில் மஞ்சளாகிக் கிடக்கும், அதுதான் அடையாளம். உள்ளே ஒரு பழைய லேத், ஒரு ட்ரில்லிங் மெஷின், வெல்டிங் செட், மரவேலைக்கு ஒரு பெஞ்சு, மூன்று ஆட்கள். மாஸ்டருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். சரித்திரப் படங்களுக்கு வாளும் கேடயமும் செய்தே காலத்தை ஓட்டியவர்.

நான் போனது கொஞ்சம் தயாரிப்போடுதான். கோட்டை மியூசியத்தில் இருக்கும் பழைய துப்பாக்கிகளைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்து ஒரு நோட்டில் வரைந்து வைத்திருந்தேன். எங்களுக்கு வேண்டியது பிரௌன் பெஸ் என்று சொல்லப்படும் மஸ்கெட்டின் (வாய்வழி கெட்டிக்கும் நீளத் துப்பாக்கியின்) இந்தியா பேட்டர்ன். கிழக்கிந்தியக் கம்பெனி தன் படைகளுக்காகச் செய்வித்தது. குழல் நீளம் 39 அங்குலம். அதற்கு முந்தைய வகைகளில் 46, 42 அங்குலம். குழலின் உள்விட்டம் முக்கால் அங்குலம். பிரெஞ்சுப் புரட்சிப் போர்களில் ஆள் பற்றாமல் துப்பாக்கியும் பற்றாமல் போனபோது பிரிட்டிஷ் ராணுவமே கம்பெனியின் இந்த மாதிரியைத் தனக்கும் எடுத்துக்கொண்டது. நிஜத் துப்பாக்கி கிட்டத்தட்ட நாலரை கிலோ.

நோட்டைப் பார்த்துவிட்டு மாஸ்டர் கேட்ட முதல் கேள்வி: "எத்தனை துப்பாக்கிம்மா?"

"நாலு. ஆனா மூணு காலத்துக்கும் அதே நாலு வரணும் மாஸ்டர்."

"பன்னெண்டு செஞ்சா எனக்குக் காசு. நாலு செஞ்சா உனக்குக் காசு." சிரித்துவிட்டு நோட்டை மறுபடி வாங்கிப் பார்த்தார். "சரி, லாக்கை மட்டும் மாத்துவோம்."

அமெரிக்காவில் பொழுதுபோக்குக்காக இன்றும் வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கியால் சுடுகிறவர்கள் இதைத்தான் செய்கிறார்கள் என்று போனில் படம் காட்டினேன். தாம்சன் சென்டர் கம்பெனி 1970இல் கொண்டுவந்த ஹாக்கன் ரைஃபிளில் குழலின் அடியில் ஒரு கொக்கி. முன்பக்கம் ஆப்பு. ஆப்பைத் தட்டி எடுத்தால் குழல் தனியே தூக்கிக்கொண்டு வந்துவிடும், வேறு விட்டமுள்ள குழலை மாட்டலாம். கிரீன் மவுன்டன் என்ற கம்பெனி அதற்கென்றே மாற்றுக் குழல்கள் செய்தது. எல் அண்ட் ஆர் என்ற இன்னொரு கம்பெனி பழைய லாக்கைக் கழற்றிவிட்டு அதே பள்ளத்தில் உட்காரும் மாற்று லாக்குகளைச் செய்கிறது. மாஸ்டர் அந்தக் கொக்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். இங்கிலீஷ் ஒரு வார்த்தையும் படிக்கவில்லை, ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்பதை எனக்கே திருத்திச் சொன்னார். நிஜ பிரௌன் பெஸ்ஸில் குழலைக் கட்டையோடு (துப்பாக்கியின் மரப்பாகத்தோடு) பிடித்திருப்பது குறுக்கே போகும் சின்ன ஊசிகள். அவற்றைத் தட்டித் தட்டிக் கழற்றினால் நாளடைவில் கட்டை பிளக்கும். அதனால் வெளியில் தெரிய ஊசித் தலை, உள்ளே கொக்கியும் ஆப்பும் என்று முடிவானது. இதனால் குழல் வேறு, கட்டை வேறாகப் பிரித்துத் துணிப்பையில் போட்டு எடுத்துப் போக முடிகிறது. இந்த ஒரு வசதிக்காகவே நான் அவருக்கு நூறு மார்க் போடுவேன். ஆட்டோவில் ஐந்தடி நீளத் துப்பாக்கியைக் குறுக்கே வைத்துக்கொண்டு ஆற்காடு ரோட்டில் போய்ப் பார்த்தவர்களுக்குப் புரியும்.

இப்போது லாக் விஷயம். பணம் போனதும் இதில்தான், சந்தோஷம் வந்ததும் இதில்தான்.

1806க்கு வேண்டியது சிக்கிமுக்கிக் கல் லாக். குதிரையின் இரண்டு தாடைக்கு நடுவில் கல். கல் நழுவாமல் இருக்கச் சுற்றிலும் ஒரு தோல் துண்டு (பெரியமேட்டில் கேட்டால் கழிவுத் தோல் சும்மாவே கொடுப்பார்கள்). விசையை இழுத்தால் குதிரை முன்னால் விழுந்து எதிரே நிற்கும் இரும்புத் தட்டை உரசும். தட்டு விலகிக் கிண்ணம் திறக்கும். பொறி மருந்தில் விழும். எங்கள் துப்பாக்கியில் பொறி வராது, வரவும் கூடாது. தட்டு சாதா இரும்பு, கல் ரெசின். ஆனால் அசைவு முழுக்க இருக்கிறது. குதிரை பாதி ஏறிய நிலையில் ஒரு 'டக்', முழுக்க ஏறினால் இன்னொரு 'டக்'. இருட்டில் நான்கு பேர் சேர்ந்து குதிரையை ஏற்றும்போது அந்தச் சத்தம் வாணி மகால் அளவு அரங்கிலும் பின்வரிசைக்குக் கேட்கும் என்று நினைக்கிறேன். எங்கள் அரங்கில் தாராளமாகக் கேட்டது. உள்ளே நிஜத்தைப் போலப் பட்டை ஸ்பிரிங் போடாமல் கம்பிச் சுருள் போட்டிருக்கிறார். பட்டை ஸ்பிரிங் உடைந்தால் செய்ய நாள் பிடிக்கும், சுருள் என்றால் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும் என்பது அவர் வாதம். சரியான வாதம்.

1857க்கு வேண்டியது தொப்பி லாக். அலெக்சாண்டர் ஃபோர்சைத் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1807இல் காப்புரிமை வாங்கிய, அடித்தால் வெடிக்கும் ரசாயனத்திலிருந்து வளர்ந்தது இது. கிண்ணமும் தட்டும் போய், ஒரு சின்ன முலைக்காம்பின் மேல் செப்புத் தொப்பி மாட்டி, குதிரை நேராக அதன் தலையில் அடிக்கும். மழைக்காலத்திலும் சுடலாம் என்பது பெரிய லாபம்.

எங்கள் டைரக்டர் 1857 என்றால் என்ஃபீல்ட் ரைஃபிள்தான், குழலில் மூன்று பட்டை வளையம் தெரிய வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். 1853 மாதிரி என்ஃபீல்ட் அந்தச் சமயத்தில் டம் டம், அம்பாலா, சியால்கோட் பயிற்சி மையங்களில்தான் அறிமுகமாகிக்கொண்டிருந்தது. பெரும்பாலான வங்காளப் படைச் சிப்பாய்கள் கையில் இருந்தது வழவழப்பான குழல் கொண்ட பழைய மஸ்கெட், லாக் மட்டும் தொப்பி லாக். பாரக்பூர் 34ஆம் ரெஜிமெண்டும் அப்படித்தான். அதாவது குழல் அதே 39 அங்குலம், கட்டை கிட்டத்தட்ட அதே ஜாடை. லாக்கை மாற்றினாலே 1806 துப்பாக்கி 1857 துப்பாக்கியாகிவிடும். நம் செலவைக் குறைக்கச் சரித்திரமே இப்படி ஒத்துழைக்கும்போது மூன்று வளையத்துக்குத் தனிக்காசு எதற்கு? டைரக்டர் முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

ஒரே ஒரு சிக்கல். சிக்கிமுக்கியில் கிண்ணம் லாக்கோடு இருக்கிறது. தொப்பி முறையில் முலைக்காம்பு குழலோடு இருக்கிறது. லாக்கை மட்டும் கழற்றினால் அது குழலிலேயே நிற்கும், 1806 காட்சியில் துருத்திக்கொண்டு தெரியும். அந்தக் காலத்தில் பழைய துப்பாக்கிகளைத் தொப்பிக்கு மாற்றியவர்கள், நெருப்பு உள்ளே போகும் ஓட்டையில் மரை வெட்டி ஒரு சின்ன உருளையைத் திருகி, அதன் மேல் முலைக்காம்பை வைத்தார்கள். மாஸ்டரும் அதேபோலத் திருகும் உருப்படி ஒன்று செய்தார். ஆனால் மரை குழலுக்குள் போகாமல் சுவரிலேயே நின்றுவிடும். சிக்கிமுக்கி லாக் மாட்டினால் கிண்ணம் அந்த மரையை மறைத்துவிடும். அழகான யோசனை. என்ன, அந்த உருப்படி சுண்டுவிரல் நுனி அளவு. மேடை ஓரத்து விங்கில் இருட்டில் கீழே விழுந்தால் நாடகம் முடியும் வரை கிடைக்காது. உபரியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு அவர் காசு வாங்குவதில்லை.

லாக்கின் மேல் இருக்கும் முத்திரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கம்பெனி துப்பாக்கிகளில் 1808 வரை நான்காகப் பிரித்த இதய வடிவத்துக்குள் கம்பெனியின் எழுத்துகள் இருக்கும். அதற்குப் பிறகு எழுந்து நிற்கும் சிங்கம். ஆக, 1806 லாக்குக்கு இதயம், 1857 லாக்குக்கு சிங்கம். இதயத்தைக் கையாலேயே கொத்தியிருக்கிறார், அற்புதம். ஆசிட் ஊற்றிச் செதுக்கிய சிங்கம் கொஞ்சம் பூனையாகத்தான் வந்திருக்கிறது. மேடையிலிருந்து யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும்.

முதல் டெலிவரிக்குப் போனபோது நான்கு துப்பாக்கியும் வரிசையாகச் சாத்தி வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் லாக் மாற்றிக் காட்டினார்கள், கச்சிதமாக உட்கார்ந்தது. அப்புறம் நான் ஒரு துப்பாக்கியின் தொப்பி லாக்கை எடுத்துப் பக்கத்துத் துப்பாக்கியில் வைத்தேன். உட்காரவில்லை. ஸ்க்ரூ ஓட்டை ஒரு நூல் விலகி இருந்தது. பள்ளமும் ஒரு ஓரத்தில் இடித்தது. காரணம் எளிது: ஒவ்வொரு லாக்கையும் அதனதன் கட்டையில் வைத்து, அரத்தால் ராவி ராவிப் பொருத்தியிருக்கிறார்கள். பையன் சொன்னான், "நம்பர் போட்டுக் கொடுத்துடறோம்க்கா, ஒண்ணாம் நம்பருக்கு ஒண்ணாம் நம்பர்."

நிஜ பிரௌன் பெஸ்ஸும் அப்படித்தான் செய்யப்பட்டது. ஒன்றின் லாக் இன்னொன்றில் உட்காராது. பாகம் உடைந்தால் கொல்லன் உட்கார்ந்து ராவ வேண்டும். இதை மாற்ற உலகம் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. 1785இல் பாரிஸில் ஹானரே பிளாங் என்பவர் ஐம்பது லாக்குகளைப் பிரித்து வகைவகையாகப் போட்டு வைத்து, அமெரிக்கத் தூதராக இருந்த ஜெஃபர்சனிடம் கொடுத்தார். ஜெஃபர்சன் கைக்கு வந்ததை எடுத்துத் தானே சில லாக்குகளைக் கோத்துப் பார்த்தார், பொருந்தின. அமெரிக்காவில் எலி விட்னி 1798இல் பத்தாயிரம் மஸ்கெட்டுக்கு ஒப்பந்தம் போட்டு, 1801இல் பெரிய மனிதர்கள் முன்னால் அதே வித்தையைக் காட்டினார். ஆனால் இன்று மிச்சமிருக்கும் அவருடைய துப்பாக்கிகளில் பாகங்கள் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்துவதில்லை. பிரிட்டனில் இது நிஜமாக நடந்தது 1850களில், அமெரிக்காவிலிருந்து மெஷின்களை வாங்கி வந்து என்ஃபீல்ட் தொழிற்சாலையில் போட்ட பிறகுதான்.

இதையெல்லாம் பையனிடம் சொல்லவில்லை. மாஸ்டரிடம் ஒன்று மட்டும் சொன்னேன்: "ஷோ நடுவுல லைட்டை அணைச்சு லாக் மாத்தும்போது நம்பர் பார்த்து மாட்ட முடியாது மாஸ்டர். எது கைக்கு வருதோ அது எதுலயும் உட்காரணும்."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப ஜிக் அடிக்கணும்" என்றார்.

ஜிக் என்றால் ஓட்டை எங்கே போட வேண்டும் என்று பிடித்துக் காட்டும் கெட்டி இரும்புச் சட்டம். லாக் தகட்டை அதில் வைத்து இறுக்கினால் ட்ரில் வேறெங்கும் போக முடியாது. கட்டையிலும் அதே சட்டத்தின் மறுபாதியை வைத்து ஓட்டை போட வேண்டும். தகட்டின் வெளி விளிம்புக்கு ஒரு அளவு அச்சு. இந்த ஜிக்குக்கு அவர் கேட்ட 4,000 ரூபாயைக் கொடுக்க எனக்கு மனசே வரவில்லை, ஆனால் கொடுத்தேன். பழைய ஓட்டைகளை மரஆப்பு வைத்து அடைத்து மறுபடி போட்டார்கள். அதற்குப் பிறகு அவை வேறு துப்பாக்கிகள் போல ஆகிவிட்டன. எந்த லாக்கும் எந்தக் கட்டையிலும் உட்காருகிறது. பாகம் மாற்றுவது என்று நாம் கொடுக்கும் காசு உண்மையில் அந்த இரும்புச் சட்டத்துக்கான காசுதான். நீங்கள் போனால் முதல் நாளே ஜிக் போட்டு செய்வதாக இருந்தால் மட்டும் அட்வான்ஸ் கொடுங்கள். ஜிக் நம் வசம் இருக்க வேண்டும் என்றும் கேளுங்கள். எங்களுடையது இப்போது என் வீட்டுப் பரணில் இருக்கிறது.

லாக்கைப் பிடிப்பது இரண்டு நீள ஸ்க்ரூ. இடது பக்கப் பித்தளைத் தகட்டிலிருந்து குறுக்கே வந்து லாக்கில் ஏறும். தலையில் ஒற்றைக் கோடு, பழைய மாதிரிதான். அகலமாக வெட்டச் சொன்னதால் பத்து ரூபாய் நாணயத்தாலேயே திருக முடிகிறது. ஆனால் லாக் தகட்டில் நேராக மரை வெட்டியிருந்தது தேய ஆரம்பித்துவிட்டது. ஒத்திகையிலேயே வழுக்கியது. திருப்பிக் கொண்டு போனதும் தகட்டின் பின்னால் நட்டு வைத்து வெல்டு செய்து கொடுத்தார், காசு கேட்கவில்லை. இது முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை.

கட்டைக்கு வாகை மரம். நிஜத்தில் வால்நட். வாகையை மர வியாபாரத்தில் இந்திய வால்நட் என்றே சொல்வார்கள், நிறமும் ரேகையும் நெருங்கி வரும். வால்டாக்ஸ் ரோட்டில் அவரே போய்ப் பார்த்து வாங்கினார். தேக்கு போடலாமே என்று கேட்டதற்கு, மெல்லிய இடத்தில் செதில் பெயரும் என்றார். வேலைப்பாடு சுத்தம். முடிப்பில்தான் கோட்டை விட்டார்கள். ஆளிவிதை எண்ணெய் தடவித் தேய்த்துக் கொடுங்கள் என்று எழுதியே கொடுத்தும், பளபளவென்று வார்னிஷ் ஸ்ப்ரே அடித்து வைத்திருந்தார்கள். மேல் லைட் விழுந்தால் டீப்பாய் கால் போல மின்னியது. உப்புக் காகிதம் போட்டுத் தேய்த்து எண்ணெய் தடவியது நாங்களேதான். சினிமாவுக்கு வேலை செய்து பழகிய எல்லாப் பட்டறையிலும் இந்தப் பளபளப்பு வியாதி உண்டு.

குழலைப் பற்றிச் சிலருக்குக் கவலை வரும். மாஸ்டர் இதில் கறார். மெல்லிய இரும்புக் குழாய், நடுவில் குறுக்குக் கம்பிகள் வைத்து வெல்டிங், அடிப்பாகம் முழுக்க அடைப்பு, நெருப்பு போகும் ஓட்டை கிடையாது. "நெருப்பு போற வழி எதையும் நான் வைக்க மாட்டேன். அது வேற தொழில்" என்றார். 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் சுடும் துப்பாக்கி செய்வது குற்றம் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். விளைவு என்னவென்றால், கெட்டிக்கும் கம்பி குழலில் பாதி வரைதான் இறங்கும். எங்கள் நடிகர் ஒருவருக்கு இதில் ஏக வருத்தம், முழுக்க இறக்கி 'டங்' என்று இடிக்க வேண்டுமாம். ஒத்திகையில் பழகியதும் பாதி இறங்குவது யாருக்கும் தெரியவில்லை. எடை மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. நிஜத்தைவிடக் குறைவு, ஆனால் தோளில் வைத்து இரண்டு காட்சி நின்றால் கை நடுங்கும். அந்த நடுக்கமும் நடிப்புக்கு உதவுகிறது என்கிறார் டைரக்டர். அவருக்கென்ன, அவர் தூக்கவில்லை.

பயோனெட்டுக்கு (குழல் முனையில் மாட்டும் கத்தி) ரப்பர் முனை, குழலின் மேல் இருக்கும் சின்ன முளையில் திருகி மாட்டும் வகை. நான்கும் நான்கிலும் உட்காருகின்றன. இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

திரித் துப்பாக்கிக்கு வருகிறேன். பாஞ்சாலங்குறிச்சிக் காட்சிக்கு மூன்றாவது லாக்காகத் திரி லாக் கேட்டிருந்தேன். வெடியுப்பில் ஊறவைத்த பருத்தித் திரியைக் கவ்விக்கொண்டு, விசையை இழுத்தால் கிண்ணத்தில் போய்த் தொடும் எளிய பொறி. லாக்கைச் செய்துவிட்டார்; உட்காருகிறது; வேலையும் செய்கிறது. ஆனால் பார்க்கப் பொய்யாக இருக்கிறது. நம் ஊர்த் திரித் துப்பாக்கிக்கு இப்படிப் பக்கத்தில் பெரிய தகடு வைத்த லாக்கே கிடையாது. பொறி கட்டைக்கு உள்ளே இருக்கும், ஒரு பிளவு வழியாகத் திரிக் கவ்வி மட்டும் தலையை நீட்டும். பின்கட்டையும் வெள்ளைக்காரத் துப்பாக்கி போலச் சரிந்து அகலமாக இருக்காது. ஒல்லியாக, ஏறக்குறைய நேராக ஓடும். குழல் இன்னும் நீளம். எழும்பூர் மியூசியத்தின் ஆயுதக் கூடத்தில் தஞ்சாவூர் அரண்மனையிலிருந்து வந்த ஆயுதங்கள் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துவிட்டு எங்கள் துப்பாக்கியைப் பார்த்தால், கம்பெனிச் சிப்பாயின் துப்பாக்கியில் திரியைச் சொருகியது போலத்தான் தெரிகிறது. ஒரே கட்டையில் இதைச் செய்ய முடியாது என்று மாஸ்டர் எங்களிடம் சொல்லியிருக்கலாம். ஆர்டர் வந்தால் வேண்டாம் என்று சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை.

அந்த லாக்குகள் இப்போது டப்பாவில் தூங்குகின்றன. காட்சியையே மாற்றிக்கொண்டோம். 1801இல் பாஞ்சாலங்குறிச்சியை எதிர்த்துப் போரிட்ட கர்னல் ஜேம்ஸ் வெல்ஷ் தன் நினைவுக் குறிப்புகளில் பாளையக்காரர் வீரர்களின் நீண்ட ஈட்டியைப் பற்றி எழுதியிருக்கிறார். சின்ன மருது தனக்கு ஈட்டியும் வளரியும் எறியக் கற்றுக்கொடுத்ததாகவும் எழுதியிருக்கிறார். எனவே முதல் நாடகத்தில் துப்பாக்கி முழுக்கக் கம்பெனிப் பக்கம். நம் பக்கம் ஈட்டியும் வளரியும். மேடையில் இது இன்னும் எடுப்பாக இருக்கிறது. ஈட்டியும் வளரியும் அதே மாஸ்டர்தான் செய்தார். கண்ணை மூடிக்கொண்டு ஆர்டர் கொடுக்கலாம், அவ்வளவு நேர்த்தி.

கணக்கு கேட்பவர்களுக்கு: சிக்கிமுக்கி லாக்கோடு துப்பாக்கி ஒன்று 13,500 ரூபாய். கூடுதல் லாக் ஒவ்வொன்றும் 2,800. பயோனெட் 900. நான்கு துப்பாக்கி, எட்டு கூடுதல் லாக், நான்கு பயோனெட் சேர்த்து 80,000. ஜிக்குக்கு 4,000 தனி. திரி லாக்கைத் தவிர்த்திருந்தால் 11,200 மிச்சம். எங்களைப் போன்ற குழுவுக்கு இது பெரிய தொகைதான். ஆனால் வாடகைக்கு விட ஆரம்பித்திருக்கிறோம். போன மாதம் ஒரு கல்லூரி நாடக விழாவுக்கு நான்கும் போய், நான்கும் முழுசாகத் திரும்பி வந்தன.

நேரம் விஷயத்தில் மட்டும் மனசைத் திடப்படுத்திக்கொண்டு போங்கள். சொன்ன தேதியைப்போல இரண்டு மடங்கு வைத்துக்கொள்ளலாம். நடுவில் ஏதாவது படத்துக்கு அவசர வேலை வந்தால் நாம் ஓரத்துக்குப் போய்விடுவோம். போன் எடுக்க மாட்டார்கள், நேரில்தான் போய் நிற்க வேண்டும். நேரில் நின்றால் வேலை நடக்கும், டீயும் வரும். பில் கேட்டால் கையால் எழுதிய பில் கொடுப்பார்கள். ஸ்பான்சருக்குக் கணக்குக் காட்டுகிறவர்கள் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

வாங்கிய பிறகு ஒரு வேலை இருக்கிறது. வெடிக்காது என்பது நமக்குத் தெரியும், தெருவில் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. குழுவின் லெட்டர்ஹெட்டில் என்ன பொருள், எந்த நாடகம், எந்த அரங்கு, எந்தத் தேதி என்று எழுதி, துப்பாக்கியின் படத்தையும் ஒட்டி, அரங்கம் இருக்கும் பகுதிக் காவல் நிலையத்தில் கொடுத்து முத்திரை வாங்கிப் பையிலேயே வைத்திருங்கள். மெட்ரோவில் கொண்டுபோகும் எண்ணமே வேண்டாம்; பையை ஸ்கேனரில் போட்டால் அங்கேயே ஒரு நாடகம் நடக்கும். வேன் அல்லது ஆட்டோதான் சரி.

அடுத்த வருஷத்துக்கு மூன்று வளையத்தோடு ஒரு என்ஃபீல்ட் குழலும் கட்டையும் வேண்டும் என்று டைரக்டர் மறுபடி ஆரம்பித்திருக்கிறார். மாஸ்டரிடம் கேட்டேன். எங்கள் தொப்பி லாக் அதிலும் உட்காருமா என்றதற்கு, என்ஃபீல்ட் லாக் தகடு சின்னது, இதை அப்படியே போட்டால் திரித் துப்பாக்கி கதைதான் ஆகும், தனி லாக், தனி ஜிக் என்றார். இந்த முறை அவரே முந்திக்கொண்டு வேண்டாம் என்றது எனக்குப் பிடித்திருந்தது. அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லை.